குறுக்கே போட்ட ஒயர்

அக்கா குடும்பம் இருப்பது டல்லாஸில். ஜூன் விடுமுறைக்கு மருமகன் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, அவன் பெட்டியில் மூன்று கிராஃபிங் கால்குலேட்டர்கள் (திரையில் வரைபடம் போடும், புரோகிராம் எழுதவும் முடியும்) இருந்தன. டி.ஐ. 83 பிளஸ் இரண்டு, டி.ஐ. 84 பிளஸ் ஒன்று. வீட்டில் மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒன்று. (இதைச் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனிக்கும் டல்லாஸ்தான் தலைமையிடம்.) நம் பக்கம் இதற்கு வேலையே இல்லை. புரோகிராம் எழுத முடிகிற கால்குலேட்டரைப் பரீட்சை ஹாலுக்குள் விட மாட்டார்கள். கேசியோ 991 ஒன்றை வைத்தே இன்ஜினியரிங் பிள்ளைகள் நாலு வருஷத்தையும் ஓட்டிவிடுவார்கள்.

குற்றாலத்தில் சாரல் இன்னும் பிடிக்கவில்லை. பையனுக்குப் பொழுது போகவில்லை. "மாமா, இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கனெக்ட் பண்ணலாம். ஆனா கேபிளைக் காணோம்" என்றான்.

கால்குலேட்டரின் விளிம்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஹெட்போன் துளை மாதிரிதான், ஆனால் 2.5 மில்லிமீட்டர். செல்போனுக்கு வந்த 3.5 அதில் நுழையாது. வண்ணார்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கியதில் கையை விரித்துவிட்டார்கள். ஜங்ஷன் பக்கம் பழைய ஸ்பேர்ஸ் விற்கும் அண்ணாச்சி ஒருவர்தான் கால்குலேட்டரைக் கையில் வாங்கித் துளையைப் பார்த்துவிட்டு, "பழைய நோக்கியா காலத்துச் சைஸுலா இது, இப்ப யாரு கேக்கா?" என்று ஒரு டப்பாவையே கவிழ்த்தார். உள்ளே ஆறு கிடந்தன. அதில் நாலு மோனோ, அதாவது பின்னில் ஒரே ஒரு கறுப்பு வளையம். அது ஆகாது. நமக்கு வேண்டியது இரண்டு வளையம் உள்ள ஸ்டீரியோ பின். அப்போதுதான் நுனி, நடு, அடி என்று மூன்று தொடர்பு கிடைக்கும். நுனியும் நடுவும் சிக்னலுக்கு, அடி கிரவுண்டுக்கு. நல்லவேளை, மிச்சம் இரண்டும் ஸ்டீரியோ.

2.5 பின்னில் சால்டர் வைப்பது ஒரு தனி வேதனை. அயர்னை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகி நுனி ஆட ஆரம்பித்துவிடும். எப்படியோ மூன்று கம்பிகளையும் பிடிக்க வைத்து, ஒரு முழம் நீளத்தில் கேபிள் தயார்.

ஒன்றில் லிங்க் மெனுவைத் திறந்து ரிசீவ் கொடுத்தோம். திரையில் 'வெயிட்டிங்' வந்தது. மற்றதில் டிரான்ஸ்மிட். உடனே 'எரர் இன் எக்ஸ்மிட்', அதாவது அனுப்புவதில் பிழை.

இது வந்தால் பின் சரியாக உட்காரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அழுத்திப் பார்த்தோம். பேட்டரி மாற்றினோம், ஒவ்வொன்றுக்கும் நாலு டிரிபிள் ஏ. மல்டிமீட்டரில் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் எங்கும் அறுபடவில்லை, ஷார்ட்டும் இல்லை. அரை நாள் போனது.

கடைசியில், கேபிளில் ஒரு முனையை மட்டும் கால்குலேட்டரில் செருகிவிட்டு மறுமுனையை மீட்டரில் பார்த்தேன். சும்மா இருக்கும்போது இரண்டு கம்பியிலும் வோல்டேஜ் நிற்கிறது. 'வெயிட்டிங்'கில் வைத்துவிட்டு, ஒரு துண்டு ஒயரால் ஒரு கம்பியைக் கிரவுண்டோடு தொட்டேன். தொட்ட மாத்திரத்தில், நான் தொடாத மற்ற கம்பி தானாகக் கீழே இறங்கியது! ஒயரை எடுத்ததும் அதுவும் மேலே ஏறிவிட்டது. கையாலேயே ஒரு பிட் (ஒரு பூஜ்யம் அல்லது ஒரு ஒன்று) அனுப்பியிருக்கிறேன், கால்குலேட்டரும் வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறது. இப்படி எட்டு முறை செய்தால் ஒரு பைட். மூன்றாவதில் நான் தாமதித்ததால், பொறுத்துப் பார்த்துவிட்டு அதே எரரைக் காட்டியது.

கொத்தனார் வேலையில் செங்கல் கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் பிடித்தது உறைத்தால்தான் கொடுக்கிறவன் விடுவான். இங்கும் அதே கணக்கு. பூஜ்யம் அனுப்ப வேண்டுமென்றால் நுனிக் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும், எதிராளி நடுக் கம்பியை இழுத்துப் பதில் சொல்லும். ஒன்று அனுப்ப வேண்டுமென்றால் நடுவை இழுக்க வேண்டும், பதில் நுனியில் வரும். மெதுவான முறைதான். ஆனால் ஒன்று வேகம், மற்றது மந்தம் என்றாலும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும்.

இதை மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் பில்லிங் மெஷினைக் கம்ப்யூட்டரோடு மாட்டிப் பழகியவன். அங்கே ஒரு பக்கம் அனுப்பும் கம்பி மறுபக்கம் வாங்கும் கம்பியோடு சேர வேண்டும், அதனால் குறுக்கே போடுவோம். கை அதே பழக்கத்தில் நுனியை நடுவோடு சால்டர் வைத்துவிட்டது. அனுப்பிய பூஜ்யமெல்லாம் அங்கே ஒன்றாகவும், ஒன்றெல்லாம் பூஜ்யமாகவும் போயிருக்கின்றன. 115 என்று அனுப்பினால், எட்டு பிட்டும் தலைகீழாகி 140 போய் நிற்கும். கைமாற்றம் சரியாக நடக்கிறது, செங்கல்தான் வேறு. மீட்டரிலும் கேபிள் நல்ல கேபிளாகத்தான் தெரியும். "அப்போ நீங்கதான் தப்பா மாமா?" என்றான். ஆமாலே, நான்தான்.

நேராக மாற்றிச் சால்டர் வைத்ததும் முதல் தடவையே 'டன்' (முடிந்தது) என்று வந்தது.

அப்புறம் அவன் கெட்கால்க் கட்டளையை வைத்து ஒரு எண் விளையாட்டு எழுதினான். கெட்கால்க் A என்று கொடுத்தால், எதிரே இருக்கும் கால்குலேட்டரின் A இங்கே வந்துவிடும். இதில் இரண்டு சிக்கல். எதிரே உள்ளது சும்மா ஹோம் ஸ்கிரீனிலோ, புரோகிராம் நடுவே பாஸ் (Pause) கட்டளையிலோ நிற்க வேண்டும், வேலையில் இருந்தால் தராது. இன்னொன்று, வருகிற A நம்முடைய A-யை அழித்துவிட்டுத்தான் உட்காரும். அவனுக்கு A, எனக்கு B என்று பிரித்த பிறகுதான் ஆட்டம் ஓடியது.

மூன்றாவதையும் சேர்க்க ஆசை வந்தது. 2.5 பின் உள்ள பழைய ஹெட்போன் ஒன்றிலிருந்து இன்னொரு பின்னை வெட்டி, நுனி எல்லாம் ஒன்றாக, நடு எல்லாம் ஒன்றாக ஒரு டாட் போர்டில் (சால்டர் வைக்கும் துளைப் பலகை) முடிந்தேன். கால்குலேட்டரோடு வரும் முறைக்கு இது சரிப்படவில்லை. அதில் முகவரி என்ற பேச்சே கிடையாது. வாங்குகிறவர்கள் இரண்டு பேரும் 'பிடித்தாச்சு' என்றால் முதலில் சொன்னவன் பேச்சை நம்பி அடுத்த செங்கல் கிளம்பிவிடும்.

அதற்குத்தான் பல கால்குலேட்டர்களை நெட்வொர்க் ஆக்கும் கால்க்நெட் 2.2 இருக்கிறது, டோர்ஸ் சி.எஸ். என்ற ஷெல்லோடு (மற்ற புரோகிராம்களை நடத்தும் மென்பொருள்) வருவது. ஒவ்வொரு கால்குலேட்டருக்குள்ளும் இருக்கும் 5 பைட் அடையாள எண்ணையே அது முகவரியாக எடுத்துக்கொள்கிறது. 84 பிளஸில் மினி யு.எஸ்.பி. உண்டு, பழைய கேமரா கேபிளால் கம்ப்யூட்டரிலிருந்து அதில் ஏற்றி, அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் என் கேபிள் வழியாகவே அனுப்பினோம். ராத்திரி பத்து மணிக்கு மூன்றும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

ஊருக்குக் கிளம்பும்போது டாட் போர்டோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். ஏர்போர்ட் பரிசோதனையில் இந்த ஒயர்க் கொத்தை எடுத்துப் பார்த்து என்ன கேட்பார்களோ என்று அக்காவுக்குத்தான் ஒரே கவலை. கடைசியில் செக்-இன் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தோம்.