எண்ணெயின் அளவைச் சொல்லும் சமையல் நூல்

அம்மா எடையைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து, குறைந்த கலோரிச் சமையல் நூல்களைத் தேடித் திருகோணமலையின் புத்தகக் கடைகளிலும் நூலகத்திலும் பல மாலைகளைச் செலவிட்டேன். புரட்டிய நூல்களில் பெரும்பாலானவை 'தேவையான அளவு எண்ணெய்' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தர, மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியே தருவதால், எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் அளந்து சொல்லாத குறிப்பு எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் எங்களுக்கு உதவாது. எத்தனை பேருக்கான உணவு, ஒருவருக்கு எத்தனை கிராம் என்பவற்றையும் நூல் சொல்லியாக வேண்டும்.

ஓட்ஸும் புரொக்கோலியும் நிறைந்த நூல்களை நான் வாங்கவில்லை. சந்தையில் வாங்கும் பாரை மீனைப் பொரிக்காமல் பழப்புளியில் அவிப்பதும், சொதிக்குத் தேங்காயின் கெட்டியான முதற்பாலைத் தவிர்த்துக் கடைசியாகப் பிழியும் நீர்த்த பாலை மட்டும் சேர்ப்பதும், வல்லாரைச் சம்பலில் தேங்காய்ப்பூவைப் பாதியாக்குவதும் அம்மாவுக்குப் பழகிய ருசியைக் கெடுக்கவில்லை. (முருங்கையிலை வறைக்கு அப்பாச்சி எண்ணெயே சேர்த்ததில்லை.) இப்போது ஒவ்வொரு கறிக்கும் நிறுத்துப் பார்த்த அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன், குரக்கன் பிட்டின் பக்கம் இன்னும் நிறைவடையவில்லை.