ஒரு அவை போதும் என்ற நெப்ராஸ்கா

பொருளாதார மந்தநிலை அமெரிக்காவை ஆட்டிப்படைத்த 1934 நவம்பரில் நெப்ராஸ்கா மக்கள் ஒரு வேலை செய்தார்கள்: மாநிலத்தின் இரண்டு சட்ட அவைகளில் ஒன்றை ஓட்டுப் போட்டே எடுத்துவிட்டார்கள்.

பின்னால் இருந்தவர் ஜார்ஜ் நாரிஸ். அமெரிக்க செனட்டர். இதற்காக ஊர் ஊராகக் காரில் சுற்றியதில் இரண்டு செட் டயர் தேய்ந்துபோனதாம். அவருடைய பெரிய கோபம், இரு அவைகளும் முரண்படும்போது கூடும் கூட்டுக்குழு மேல். மூடிய அறையில் சிலர் பேசி முடிப்பார்கள். யார் எதை வெட்டினார் என்று வெளியே தெரியாது. அதே வாக்குச்சீட்டில் மதுவிலக்கு நீக்கமும் குதிரைப் பந்தய அனுமதியும் இருந்தன. மூன்றுமே ஜெயித்தன. எது எதை இழுத்துக்கொண்டு போனதோ!

133 உறுப்பினர்கள் 43 ஆனார்கள், வாக்குச்சீட்டில் கட்சி அடையாளமும் கிடையாது. அப்போது மொத்தச் சம்பளம் ஆண்டுக்கு 37,500 டாலர், அதைத்தான் 43 பேரும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆளுக்கு 872 டாலர் சொச்சம். 1935இல் ஈரவைக் கூட்டத்தொடர் 110 நாள் நடந்து 192 மசோதாக்களை நிறைவேற்றியது. 1937இல் ஓரவை 98 நாளில் 214. செலவும் ஏறக்குறைய பாதிதான்.

நம்மூரிலும் மேலவை போனது, 1986இல். ஆனால் அதற்கு நம்மிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.