பரண் நாட்கள்

அக்டோபர் 29
வெயில் செப்டம்பரைப் போல அடிக்கிறது. அம்புக்கடைக்காரர் “இந்த வருடம் மான்கள் கூடுவது தாமதம்தான்” என்கிறார். வருடா வருடம் இதே பல்லவி. இங்கே விஸ்கான்சினில் பெட்டைமான் பருவத்துக்கு வருவது பகல் குறுகுவதால். வெப்பத்துக்கு அதில் வேலையில்லை. வெயிலடித்தால் ஆண்மான்கள் இரவில் ஓடும், அவ்வளவே.

நவம்பர் 3
கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. ஓடைக்கரையில் குளம்பால் கீறிய புது மண், மேலே ஒடிந்த கிளை. ஒற்றைக்கொம்பன் என்று நான் பெயரிட்ட ஆண்மானாகத்தான் இருக்கும்.

நவம்பர் 6
முழங்கால்.

நவம்பர் 8
அறுவைக்கு 20ஆம் தேதி. துப்பாக்கி வேட்டைப் பருவம் 23ஆம் தேதி தொடங்குகிறது! ஆறு வாரம் பரணுக்கு ஏணி ஏறக் கூடாதாம். அலபாமாவிலிருந்து மைத்துனர் அழைத்தார்: “ஜனவரியில் இங்கே வாருங்கள் அத்தான், எங்கள் மான்கள் அப்போதுதான் கூடும்.”

நவம்பர் 11
தூக்கமில்லை. ஜனவரியை நம்பலாமா? சினைக்காலம் சுமார் 200 நாள். இங்கே குட்டி மே கடைசியிலோ ஜூனிலோ விழுந்தால்தான் பனிக்கு முன் தேறும். அதனால் எல்லாம் நவம்பர் நடுவில் குவிகிறது. தெற்கில் அந்தக் கெடுபிடி கிடையாது. தெற்கு டெக்சாஸில் டிசம்பர் கடைசி. அதே மாநிலத்தின் வளைகுடாக் கரையில் செப்டம்பர் கடைசி. புளோரிடாவின் தென்கோடியில் ஜூலையிலேயே தொடங்கிவிடும். அலபாமாவில் பல இடங்களில் ஜனவரிதான். ஆனால் பேங்க்ஹெட் காட்டில் கொண்டுவந்து விட்டவை மிச்சிகன் மான்கள். அவற்றின் வம்சம் இன்றும் நவம்பரிலேயே கூடுகிறது. மைத்துனரின் குத்தகை நிலம் எந்தப் பக்கம்? விடிந்ததும் கேட்க வேண்டும்.

நவம்பர் 12
செல்மா பக்கமாம், பேங்க்ஹெட் அல்ல. அப்படியானால் ஜனவரி.

நவம்பர் 15
முழுநிலவு. நிலவைப் பார்த்து மான் கூடும் நாளைக் குறிக்கிறவர்களுக்குத் திருவிழா. சினைக்கருவை அளந்து கணக்கிட்ட தேதிகள் நிலவோடு ஒத்துப்போவதே இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்?
ஒற்றைக்கொம்பன் ஒரு பெட்டையைத் துரத்திக்கொண்டு சோளக்கொல்லையைக் குறுக்காகக் கடந்தான். அம்புக்கு எட்டாத தூரம். கை நடுங்கியது, முழங்கால் நினைவுக்கே வரவில்லை.

நவம்பர் 17
காடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆண்கள் ஆளுக்கொரு பெட்டையோடு புதருக்குள் ஒதுங்கிவிட்டன. பெட்டை இணங்கி நிற்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. சினை பிடிக்காவிட்டால் நான்கு வாரத்தில் மறுபடி வரும். டிசம்பர் நடுவில். அப்போது நான் ஊன்றுகோலோடு சன்னல் ஓரத்தில்.

நவம்பர் 19
நாளை விடியற்காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வில்லை வண்டியில் வைத்தேன். மனைவி பேசவில்லை. காற்று வடமேற்கு, கிழக்குப் பரணில் ஏறலாம்.