மூட்டை வந்து இறங்கும் வாசல்

திருப்பூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்த காலத்தில், பக்கத்து வீட்டு வாசலில் மாலைதோறும் ஒரு பனியன் மூட்டை வந்து இறங்கும். தைத்து முடித்த துணியில் தொங்கும் நூல்களை வெட்டி எடுக்கும் பிசிர் வேலைக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. அந்த வீட்டின் பதினொரு வயதுப் பெண் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், சிறிய கத்தரியோடு அம்மாவின் அருகில் உட்கார்ந்துவிடுவாள். இரவு பத்து மணிக்கும் அந்த வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் கேட்டபோது, “அவ இருந்தாத்தானுங்கக்கா மூட்டை தீருது” என்றார் அந்தத் தாய்.

பனியன் கம்பெனிகளில் தையல்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ வேலையில் ஒரு காலத்தில் சிறுவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் அதிகாரிகளும் சோதனையிட வரும் பெரிய ஆலைகளில் இன்று அவர்களைக் காண்பது அரிது. ஆனால் சோதனைக்கு யாரும் வராத வாசல்களுக்கு வேலை நகர்ந்துவிட்டது.

14 வயது நிரம்பாத எவரையும் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தமே, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கும் அளித்தது. உழவர் வீட்டையும் குயவர் வீட்டையும் எண்ணி எழுதியிருக்கலாம். துணியும் லாபமும் வேறொருவருடையதாக இருக்க, வேலை வாசலில் நடக்கிறது என்பதற்காக இதைக் குடும்பத் தொழில் என்று எப்படி ஏற்பது? மூட்டை கொண்டுவருபவரின் நோட்டில் தாயின் பெயர் மட்டுமே இருந்தது.

அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளைப் பள்ளிக்குத் தவறாமல் அனுப்பியவர் அவர். ஆர்டர் குறையும் மாதங்களில் கணவரின் வாரச் சம்பளம் சுருங்கினாலும் வாடகை குறைவதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு அவரால் கம்பெனிக்கும் போக முடியாது. ஒருவர் கையால் வீட்டுச் செலவை எட்டவே முடியாத அளவுக்கு உருப்படிக் கூலியை வைத்திருப்பதுதான் இரண்டாவது கத்தரியைச் சிறுமியின் கையில் கொடுக்கிறது.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்தது பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைச் சரியாகவே பிடித்தது. சட்டத்தை மீறி வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதியில் செலுத்த வேண்டும், அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், இல்லையெனில் அரசும் அந்த நிதியில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. வாசலுக்கு வரும் மூட்டைக்கு முதலாளி யார் என்பதை முதலில் பதிவேட்டில் எழுதவைத்தால்தான் அந்தக் கணக்கை இங்கே தொடங்கவே முடியும்.