தங்கைக்குப் பதிலாக நான் நின்றேன்

மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கனடாவிலிருந்து சொன்ன அன்றே பிள்ளைப்பேற்றுக்கு நான் அங்கே நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். என்னுடைய மூன்று பேறுகளுக்கும் என் அம்மா பக்கத்தில் நின்றவ. யாழ்ப்பாணத்துக் குருநகரில் அது இரண்டு தெரு தள்ளி நடந்து வருகிற தூரம், மகள் இருக்கும் ஸ்காபரோவுக்குப் போவது அப்படியில்லை.

விசா வேலையை ஆறாம் மாதத்திலேயே தொடங்கினோம். இதே நிலையில் இருக்கும் அம்மாமாருக்கும் அதைத்தான் சொல்வேன், பிந்தாதேங்கோ. மகளின் அழைப்புக் கடிதம், மருமகனின் வருமானவரிப் பத்திரம், பேற்றுத் திகதி குறித்த டாக்குத்தரின் கடிதம் எல்லாம் அங்கிருந்து வந்தன. மகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தபடியால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்தோம். விசாவுக்கு 100 கனடிய டொலர், கைரேகைக்கு 85 டொலர், கைரேகை வைக்கக் கொழும்புக்கு ஒரு பயணம். பெற்றோருக்கென்று இருக்கிற சுப்பர் விசா எடுத்தால் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை நிற்கலாம், ஆனால் அதற்கு ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். இவரைத் தனிய விட்டுவிட்டு அவ்வளவு காலம் நிற்க எனக்கு மனமில்லை. ஆறு மாதம் போதும் என்று சாதாரண விசாதான் எடுத்தேன்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விடியப்புறம் நாலரை மணிக்குப் போன் அடித்தது. அங்கே பின்னேரம் ஆறு மணி. பேரன் முந்திவிட்டான். வாட்ஸ்அப்பில் மருமகன் முகத்தைக் காட்டினார், கண் திறக்கவில்லை, நெற்றி அப்படியே என் அப்பாவின் நெற்றி. நானும் இவரும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஒரு செபமாலை முழுக்கச் சொன்னோம், இவருக்குக் குரல் வரவேயில்லை.

அடுத்த நாள் மகள் எடுத்துச் சொன்னாள், "அம்மா, சின்னம்மாதான் ஞானத்தாய். நீங்கள் வரேக்க அவவின்ர கடிதத்தையும் கொண்டு வாங்கோ." ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்கிறவதான் ஞானத்தாய், சின்னம்மா என்றது என் தங்கையை. அதற்குள் இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஞானப்பெற்றோருக்குப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், கத்தோலிக்கராக, ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெறும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் பெற்றவராக இருக்க வேண்டும், அங்குள்ள பங்கில், அதாவது அந்த வட்டாரக் கோயிலில், இதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார்கள். தங்கையிடம் ஒரு துண்டும் இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அவள் கையில் இருந்தது அம்மாவின் மருந்துப் பையும் ஒரு போர்வையும்தான். சான்றிதழ்கள் வைத்த தகரப்பெட்டியைத் திரும்பி வந்து பார்த்தபோது காணவில்லை.

அவள் உறுதிபூசுதல் பெற்றது இன்னொரு பங்கில், அந்தப் பங்கின் அந்தக் காலத்து ஏடு இப்போது இல்லை. இரண்டு நாள் அலைந்தோம். தங்கை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவள் நடுத்தெருவில் நின்று, "விடுங்கோ அக்கா, வேற ஆரையும் வைக்கட்டும்" என்றாள். பிள்ளை இல்லாதவள் அவள், என் மகளைத் தூக்கி வளர்த்தவள். எனக்கு விட மனம் வரவில்லை.

வழியைக் காட்டியவர் அவள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் சுவாமி, அந்தக் கோயிலின் குரு. உறுதிபூசுதல் எங்கே நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவித்து அங்குள்ள பதிவேட்டிலும் எழுத வேண்டும், திருமணமும் அப்படித்தான், திருச்சபைச் சட்டம் அது. சுவாமி பழைய ஏட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். தங்கையின் பெயர் வந்தது, அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பக்கத்து ஓரத்தில் மங்கின நீல மையில் இரண்டு வரி: உறுதிபூசுதல் நடந்த திகதி, இடம். யாரோ ஒரு சுவாமி அன்றைக்கு மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தங்கை அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். ஆகவே சான்றிதழ் தொலைந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கே போய், ஓரக்குறிப்புகளையும் சேர்த்துப் புதுப்பிரதி கேளுங்கள், குழந்தையில் எடுத்த பழைய பிரதியில் அந்தக் குறிப்பு இருக்காது.

மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி, மஞ்சள் எல்லாம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கி வறுத்து இடித்துச் சரக்குத்தூளாகக் கொண்டு போனேன். ரொறன்ரோ விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று முதலே சொல்லிவிட வேண்டும், சொன்னேன், பார்த்துவிட்டு விட்டார்கள். உள்ளி நிறையப் போட்ட சரக்குக்கறியும் முருங்கையிலை வறையும் மகளுக்கு மூன்று கிழமை கொடுத்தேன்.

ஒன்றில் மட்டும் எனக்கும் அவளுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் வந்தது. ஏணை, அதாவது சேலைத் தொட்டில், கட்ட நான் என் பழைய நூல்சேலை ஒன்று கொண்டு போயிருந்தேன். பிள்ளையைச் சமமான கட்டிலில், தலையணை இல்லாமல், மல்லாக்காகத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தா. ஒரு வயது வரைக்கும் தேன் நாக்கில் வைக்கவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாத கிருமி அதில் இருக்கலாமாம். முதல் நாள் கவலைப்பட்டேன். பிறகு யோசித்தேன், அவள்தான் தாய், இரவிரவாக முழித்துப் பிள்ளையின் மூச்சைப் பார்க்கிறவளும் அவள்தான். சேலையை நாலாக மடித்து மடியில் விரித்து, பேரன் பால் குடித்த பிறகு அவனை அதில் கிடத்தி ஏப்பம் விட வைத்தேன், அதற்கு அது நல்லாகவே உதவியது.

ஞானஸ்நானம் ஒரு ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. ஞானத்தாய் நேரில் வர முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக ஒருவர் நிற்கலாம், பதிவேட்டில் ஞானத்தாயின் பெயர்தான் ஏறும். அந்த இடத்தில் நான் நின்றேன். யாழ்ப்பாணத்தில் இரவு பதினொன்றரை, தங்கை வெள்ளைச் சேலை கட்டி, கதிரைக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு போனில் இருந்தாள். எங்கள் யாகப்பர் (புனித யேம்ஸ்) கோயிலை நினைத்து மகள் பிள்ளைக்கு யேம்ஸ் என்று பெயர் வைத்திருந்தாள். சுவாமி மூன்று முறை தண்ணீர் ஊற்றியபோது பேரன் ஒரே கத்து. பாஸ்கா திரி என்ற கோயிலின் பெரிய மெழுகுதிரியிலிருந்து பற்ற வைத்த திரியை என்னிடம் தந்தார்கள். மருமகன் போனைத் திருப்பிப் பிடித்தார். தங்கை தன் திரியைத் திரைக்குக் கிட்டக் கொண்டு வந்து, "அக்கா, ஆடாமல் பிடியுங்கோ, உங்கட கை நடுங்குது" என்றாள்.