கொய்யாவைக் காணோம்

நாலு வருஷமா வச்சிருக்கிற நோட்ஸ் ஆப். போன மாசம் அப்டேட் ஆனதிலிருந்து திறக்கவே பத்து செகண்ட். நடுவுல ஏஐ பொத்தான் வேற, யாரு கேட்டா? 'கொய்யா'ன்னு தேடினா ஒண்ணுமில்லங்குது; குறிப்பு கண்ணு முன்னாடி இருக்கு!

நோண்டிப் பார்த்தேன். யூனிகோடுல (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற முறை) 'கொ'வுல வர்ற ஒகரக் குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டாவும் வைக்கலாம். நமக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. தேடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தணும். பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழியில அதுக்கு ஒரு வரி போதும்.

மூணு தடவை புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி.' சரிதான் போங்கடான்னு ஞாயித்துக்கிழமை உக்காந்து நாப்பது வரியில நானே ஒரு நோட்ஸ் ஆப் எழுதிட்டேன். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு. கொய்யா கிடைச்சிடுச்சு.