ஜங்ஷன் பூலும் மூன்றாவது வளையமும்

என் தூண்டில் கழியில், அதாவது ராடில், லைன் ஓடும் மூன்றாவது வளையத்தில் ஒரு தலைமுடி இருக்கிறது. மகளுடையது. எபாக்சிப் பசை பூசிய இரவு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டது. நானே கட்டிய முதல் ஃப்ளை ராட் அது, இறகால் செய்த பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் கழி. ஒன்பது அடி, நான்கு துண்டு, ஐந்தாம் எண் லைனுக்கானது (லைன் என்றால் தூண்டில் கயிறு, எண் அதன் எடையைச் சொல்வது). அதைத் தண்ணீரில் பார்த்துவிடலாம் என்றுதான் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நியூஜெர்சியிலிருந்து ராஸ்கோவுக்குக் கிளம்பினேன். இரண்டரை மணி நேர ஓட்டம்.

ராஸ்கோ, நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கம் உள்ள சின்ன ஊர். ட்ரவுட் மீனின் பெயரால் 'ட்ரவுட் டவுன்' என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது. பீவர்கில், வில்லோவீமாக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். பீவர்கில் என்றதும் "பீவரைக் கொல்ற ஊரா?" என்று மனைவி கேட்டாள். இல்லை, பழைய டச்சுக் குடியேறிகளின் மொழியில் 'கில்' என்றால் ஓடை.

அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு மீன்பிடிப்பு புதிதல்ல. மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்தால் தக்கை முங்கும்வரை வேலையே கிடையாது. ஃப்ளை ஃபிஷிங் அதற்கு நேர் எதிர். இறகும் ரோமமும் சுற்றிய முள்ளுக்கு, அதுதான் பூச்சி, எடையே இல்லை, வீசினால் காலடியில் விழும். அதனால் எடையை லைனில் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் எண் லைனின் முதல் முப்பதடி சுமார் 9 கிராம். அந்த எடை பின்னால் நீளும்போது ராட் வளைகிறது, முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் நிமிர்ந்து லைனைத் தள்ளுகிறது, பூச்சி கடைசியில் ஒட்டிக்கொண்டு போகிறது. பின்வீச்சில் லைன் முழுதாக நீளும்வரை காத்திருப்பதுதான் கஷ்டம். அவசரப்பட்டால் சாட்டை போல 'பட்' என்று சத்தம் வரும், முனையில் பூச்சி இருக்காது. முதல் வருடம் நான் இழந்த பூச்சிகளுக்குக் கணக்கே இல்லை.

சரி, ராட் கதைக்கு வருகிறேன். பிளாங்க் எனப்படும் கார்பன் நார்க் குழாயை மட்டும் விலைக்கு வாங்கினேன். மற்றதெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். மூன்று வாரம் குடும்பமே சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டது. கார்க் கைப்பிடியின் துளையை வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பிளாங்கில் ஏற்றி ஒட்டினேன். அது சுலபம். வளையங்களைக் கட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். பதினொன்றில் நுனி வளையத்தை மட்டும் ஒட்டினால் போதும், மற்ற வளையங்களின் கால்களை, அதாவது நூல் சுற்றிக் கட்டும் நுனிகளை, அரத்தால் ராவிச் சாய்வாக்க வேண்டும். அப்போதுதான் நூல் இடைவெளி விடாமல் அதன் மேல் ஏறும். நூலைத் தடித்த அகராதியின் பக்கங்களுக்குள் விட்டு இழுத்தால் ஒரே இறுக்கம் கிடைக்கும். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிய கைக்கு இது வரும், ஆனால் இங்கே ஒரு சுற்று மேல் இன்னொரு சுற்று ஏறக்கூடாது. கடைசியில் ஒரு கண்ணி வைத்து நூல் நுனியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் எபாக்சி. இரண்டு திரவத்தையும் சம அளவில், குமிழி வராமல் மெதுவாகக் கலக்கிப் பூசிவிட்டு, இறுகும்வரை ராடை ஒரு சின்ன மோட்டாரில் சுழலவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். என் மோட்டாரின் ப்ளக் நள்ளிரவில் தளர்ந்து போயிருக்கிறது. காலையில் பார்த்தால் மூன்றாவது வளையத்தின் கீழே ஒரு கட்டி, கட்டிக்குள் முடி.

போகிற வழியில் லிவிங்ஸ்டன் மேனரில் உள்ள ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். கார்பன் வருவதற்கு முன் இந்த ராடுகளும் மூங்கில்தான். நம் ஊர்க் கழி மாதிரி முழுசாக அல்ல. பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒட்டி அறுகோணமாக்குவார்கள். ஹைரம் லெனர்ட் 1881-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் வேலியில் பட்டறை போட்டு இந்த வேலைக்குப் பேர் வாங்கியவர். மூங்கில் சீனாவின் குவாங்டாங்கிலிருந்து வந்தது. ஆனால் பெயர் என்னவோ வியட்நாமின் டோங்கின்! கொரியப் போரின்போது 1950-ல் அமெரிக்கா சீனச் சரக்கைத் தடுத்ததும் மூங்கில் வரத்து நின்றது, ஃபைபர் கிளாஸ் அந்த இடத்தைப் பிடித்தது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து கையால் இழைத்த பட்டைகளைப் பார்த்தபின் என் கட்டியைப் பற்றி யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

ஆற்றில் இறங்கியபோது மணி ஒன்று. வேடர் எனப்படும், தண்ணீர் புகாத நீளக் கால்சட்டையையும் தாண்டிக் குளிர் எலும்பில் ஏறியது. பாசி படிந்த உருண்டைக் கற்கள், ஒவ்வோர் அடியும் சந்தேகத்துடன். ஒன்றரை மணி நேரம் எதுவும் இல்லை. இரண்டரை வாக்கில் தண்ணீர்மேல் சின்னப் பாய்மரங்கள் மாதிரி பூச்சிகள் மிதந்து வந்தன. ஹெண்ட்ரிக்சன் என்கிற மேஃப்ளை. ஏறக்குறைய ஒரு வருடம் புழுவாகத் தண்ணீருக்கடியில் இருந்துவிட்டு, தண்ணீர் பத்து டிகிரியைத் தொட்டதும் கூட்டமாக எழும். வளர்ந்தபின் தின்ன வாய் இல்லை, ஆயுள் இரண்டொரு நாள். மழைக்குப் பிந்திய ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈசலுக்கு நாம் விளக்கு வைத்துக் காத்திருப்பது போல, இதற்கு மீன்கள் வாய் திறந்து காத்திருக்கும்.

நான் கட்டியிருந்த பூச்சியும் அதே பெயர்தான். 1916-ல் ராய் ஸ்டீன்ராட் இதே பீவர்கில்லில் உருவாக்கியது, உடம்பு நரியின் அடிவயிற்று ரோமம். ஏழாவது வீச்சில் அது இழுபடாமல் நீரோட்டத்தோடு போனது. ஒரு மூக்கு மேலே வந்தது. ராட் வளைந்தது. அந்தக் கணத்தில் மூன்றாவது வளையத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

வளையம் லேசாகத் திரும்பியிருந்தது. மீன் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. பன்னிரண்டு அங்குல பிரவுன் ட்ரவுட், வெண்ணெய் நிற வயிறு, சிவப்புப் புள்ளிகள். இதுவும் என்னைப் போல வந்தேறிதான். 1883-ல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாக இந்த நாட்டுக்கு வந்த இனம். நான் நின்ற பகுதியில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஈரக் கையில் ஏந்தி, நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது.

அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். "விட்டுட்டியா? இதுக்கா இம்புட்டுத் தூரம் போன?" என்றார். சட்டத்தை விளக்கிப் பார்த்தேன். "மீன் குழம்பு வைக்கக்கூடாதுன்னு ஒரு சட்டமா?" என்று அம்மாவிடம் திரும்பிச் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் பிளேடால் கட்டியைக் கீறி நூலைப் பிரித்தேன். காரணம் தெரிந்தது. அந்த ஒரு வளையத்தின் காலை ராவாமலே கட்டியிருக்கிறேன். அன்று தூக்கம், நாளைக்கு ராவலாம் என்று நினைத்து மறந்திருக்க வேண்டும். இந்த முறை ராவிக் கட்டினேன். மோட்டாரை நம்பாமல் கையாலேயே சுழற்றுவதாக மகள் வாக்குக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் சுழற்றினாள். மீதி மூன்று மணி நேரம் நான்தான்.